ரவுட்டர் பக்கத்தில் மட்டும் வைஃபை கிடைக்கிறது: லினக்ஸ் மின்ட் 22, பழைய மடிக்கணினி

பூட்டும்_சாவியும் | சனி, காலை 10.12

அனைவருக்கும் வணக்கம். 2016-இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம் என்ற நிலை வந்ததால், அதை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் 22 நிறுவினேன். இயந்திரம் மறுபிறவி எடுத்துவிட்டது. வைஃபை மட்டும்தான் தகராறு.

ரவுட்டர் இருக்கும் மேசையிலேயே மடிக்கணினியை வைத்தால் இணைகிறது. அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் துண்டிக்கிறது. துண்டிப்பதோடு நிற்கவில்லை, பட்டியலிலேயே எங்கள் வீட்டு இணைப்பின் பெயர் இருப்பதில்லை. அதே இடத்தில் கைப்பேசியில் எல்லாக் கோடுகளும் நிரம்பியிருக்கின்றன. விண்டோஸ் இருந்தபோது மொட்டை மாடிப் படிக்கட்டு வரை கிடைத்தது.

இணையத்தில் படித்துவிட்டு மின்சேமிப்பை நிறுத்திப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. மகளுக்குத் திங்கள்கிழமை முதல் இணைய வகுப்பு. ரவுட்டரை மாற்ற வேண்டுமா, மடிக்கணினியை மாற்ற வேண்டுமா என்று சொல்லுங்கள்.

நேர்வழி | சனி, காலை 10.31

இரண்டையும் மாற்ற வேண்டாம் ஐயா. யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகுங்கள். வேலை முடிந்தது. பழைய வன்பொருளோடு மல்லுக்கட்டி யாரும் பரிசு வாங்கியதில்லை.

முனையம் | சனி, காலை 10.50

வாங்குவது கடைசி வழி. முதலில் நோய் எதுவென்று பார்ப்போம்.

வைஃபை வேலை செய்யவில்லை என்று எல்லோரும் ஒரே வாக்கியமாகச் சொல்கிறோம். ஆனால் அதற்குள் வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. வைஃபை அட்டையே கணினிக்குத் தெரியாமல் இருப்பது ஒன்று. அட்டை தெரிந்தும் அதற்கான ஃபர்ம்வேர் கோப்பு (அட்டைக்குள் ஏற்ற வேண்டிய நிரல்) கிடைக்காமல் நிற்பது இன்னொன்று. இணைந்த பிறகும் தளங்கள் திறக்காமல் இருப்பது பெரும்பாலும் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) சிக்கல். அதற்கும் அட்டைக்கும் தொடர்பே இல்லை. உங்களுடையது இவற்றில் எதுவும் இல்லை. அட்டை இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஓடுகிறது, காதுதான் மந்தமாக இருக்கிறது.

மின்சேமிப்பை நிறுத்தியதால் பலன் இல்லாததில் வியப்பில்லை. மின்சேமிப்புக் கோளாறு என்றால் சிக்னல் நன்றாக இருக்கும்போதே இணைப்பு விட்டுவிட்டு வரும், பக்கங்கள் திக்கித் திறக்கும். பெயரே பட்டியலிலிருந்து மறையாது.

மூன்று விவரங்கள் தேவை. கைப்பேசியிலிருந்து எழுதுவதால் கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். நீங்கள் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள்.

எல்எஸ்பிசிஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு என்என்கே. நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வரும் பகுதியை மட்டும் இங்கே எழுதுங்கள். எந்தச் சில்லு, எந்த டிரைவர் என்பது அதில் தெரிந்துவிடும்.

ஆர்எஃப்கில் லிஸ்ட். சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு இரண்டுக்கும் 'நோ' என்று வருகிறதா?

மேசையில் ஒரு முறை, அறை வாசலில் ஒரு முறை: ஐடபிள்யூ டெவ், பிறகு உங்கள் அட்டையின் பெயர், பிறகு லிங்க். சிக்னல் என்ற வரியில் கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலு. அதுதான் எனக்கு வேண்டும். கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு மென்பொருளின் சொந்தக் கணக்கு.

பூட்டும்_சாவியும் | சனி, மதியம் 12.05

மிக்க நன்றி. பார்த்து எழுதியிருக்கிறேன்.

ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. டிரைவர் பெயரும் அதுவே. பிளாக் இரண்டுமே 'நோ'. அட்டையின் பெயர் டபிள்யூஎல்பி2எஸ்0 என்று இருக்கிறது.

மேசையில் -58. வாசலில் -84, அதுவும் இரண்டொரு நிமிடம் நின்று பிறகு அறுந்துவிட்டது. ஆர்வத்தில் கைப்பேசியில் ஒரு செயலி போட்டு அதே வாசலில் பார்த்தேன். -47.

இன்னொன்று. ரவுட்டரில் இரண்டு பெயர்கள் உண்டு. 5 என்று முடியும் பெயர் மடிக்கணினியில் ஒருபோதும் தெரிவதில்லை. அதுவும் இதே கோளாறா?

செந்தூரம் | சனி, மதியம் 12.40

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அது கோளாறு இல்லை. 8723பிஇ சில்லுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதன் கண்ணுக்கு அகப்படாது. எந்த டிரைவர் போட்டாலும் வராது.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். வாசலில் கைப்பேசிக்கு -47, மடிக்கணினிக்கு -84. இடைவெளி 37 டெசிபல். டெசிபலில் ஒவ்வொரு 10-க்கும் திறன் பத்து மடங்கு மாறும். 37 என்றால் ஏறக்குறைய ஐயாயிரம் மடங்கு. ஒரே இடத்தில், ஒரே ரவுட்டரிலிருந்து, உங்கள் மடிக்கணினி கைப்பேசியைவிட ஐயாயிரத்தில் ஒரு பங்குத் திறனைத்தான் பெறுகிறது. சுவரோ, பக்கத்து வீட்டு ரவுட்டரோ இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்காது. அவை கைப்பேசியையும் சேர்த்துத்தான் பாதிக்கும். ஆன்டெனா இல்லாமல் கேட்கும் அட்டைதான் இப்படி நடந்துகொள்ளும்.

பதறிக் கணினியைக் கழற்ற வேண்டாம். விண்டோஸில் மாடிப்படி வரை கிடைத்தது என்கிறீர்கள். ஆகவே கம்பி அறுந்திருக்க வாய்ப்புக் குறைவு. இந்தச் சில்லில் இது ஊரறிந்த சங்கதி. அட்டையில் ஆன்டெனாக் கம்பி பொருத்த இரண்டு முனைகள் உண்டு. பல மடிக்கணினிகளில் தயாரிப்பாளர்கள் ஒரே கம்பியைத்தான் போட்டிருக்கிறார்கள். எந்த முனையில் கம்பி இருக்கிறது என்பதைச் சில்லுக்குள் இருக்கும் ஈஃப்யூஸ் என்ற நினைவகத்தில் தொழிற்சாலையிலேயே எழுதிவிட வேண்டும். அது ஒரு முறை எழுதினால் எழுதியதுதான். அங்கே தவறாக எழுதிவிட்டால், லினக்ஸ் டிரைவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு காலி முனையில் காது வைத்துக்கொண்டிருக்கும். வாசலில் ஆள் நிற்க, கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பதைப் போல.

இதற்காகவே அந்த டிரைவரில் ஓர் அளவுரு இருக்கிறது. ஆன்ட், அடிக்கோடு, செல். 0 என்றால் ஈஃப்யூஸ் சொல்வதைக் கேள் என்று பொருள். 1 அல்லது 2 என்று கொடுத்தால் அந்த எண்ணுள்ள முனையைக் கட்டாயப்படுத்தும்.

நிரந்தரமாக எழுதும் முன் சோதித்துப் பாருங்கள். வாசலிலேயே உட்கார்ந்து செய்யுங்கள். மேசையில் செய்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியாது.

சுடோ என்பது நிர்வாகி அனுமதி, மோட்ப்ரோப் என்பது டிரைவரை ஏற்றி இறக்கும் கட்டளை. முதலில் சுடோ மோட்ப்ரோப் கழித்தல் ஆர், பிறகு டிரைவர் பெயர். இது டிரைவரை இறக்கிவிடும், வைஃபை போய்விடும், அஞ்ச வேண்டாம். அடுத்து சுடோ மோட்ப்ரோப், டிரைவர் பெயர், இடைவெளி, ஆன்ட்_செல்=1. அரை நிமிடம் பொறுத்துச் சிக்னல் எண்ணைப் பாருங்கள். மறுபடி இறக்கி, ஆன்ட்_செல்=2 என்று ஏற்றிப் பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதுங்கள்.

நேர்வழி | சனி, மதியம் 1.02

ஒரு வைஃபைக்காக இழையைத் தொடங்கிய ஆசிரியரை டெசிபல் பாடம் படிக்க வைத்துவிட்டீர்கள். சாதாரண மக்கள் லினக்ஸ் பக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

செந்தூரம் | சனி, மதியம் 1.10

பாடம் இல்லாமல் பதில் மட்டும் கொடுத்தால், அவர் 1 என்று போட வேண்டியதை 2 என்று போட்டுவிட்டு வேலைக்கு ஆகவில்லை என்று நாளைக்குத் திரும்பி வருவார். எந்த எண் சரி என்பது ஒவ்வொரு மடிக்கணினிக்கும் மாறும்.

பூட்டும்_சாவியும் | சனி, மாலை 4.25

1 என்று ஏற்றியபோது இணையவே இல்லை. 2 என்று ஏற்றியவுடன் நான்தான் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். வாசலில் -52!

மாடிப்படியில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன், மடிக்கணினியிலிருந்தே. இங்கே -70.

ஒரே குறை. கணினியை மறுபடி தொடங்கினால் பழைய நிலைக்கே போய்விடுகிறது.

முனையம் | சனி, மாலை 4.48

அப்படித்தான் ஆகும். கையால் கொடுத்த அளவுரு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நினைவில் மட்டும் இருக்கும். நிலைக்க வேண்டுமென்றால் கோப்பில் எழுத வேண்டும்.

ஈடிசி அடைவுக்குள் மோட்ப்ரோப்.டி என்று ஓர் அடைவு இருக்கும். சுடோவோடு நானோ திருத்தியைத் திறந்து, அங்கே ஒரு புதிய கோப்பு உருவாக்குங்கள். பெயர் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் .கான்ஃப் என்று முடிய வேண்டும். அந்த வால் இல்லாத கோப்பை மோட்ப்ரோப் சீந்தாது, பிழை என்றும் சொல்லாது. பலர் கோட்டைவிடும் இடம் இது. உள்ளே ஒரே வரி: ஆப்ஷன்ஸ், இடைவெளி, டிரைவர் பெயர், இடைவெளி, ஆன்ட்_செல்=2. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது.

முன்பு மின்சேமிப்புக்காக ஏதாவது வரி எழுதியிருந்தால் அதை எடுத்துவிடலாம். மின்கலம் வீணாவதைத் தவிர அதனால் இனிப் பயன் இல்லை.

அட்டையின் பெயர் ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். டபிள்யூஎல் என்றால் வயர்லெஸ், பி2 என்றால் இரண்டாம் எண் பிசிஐ தடம், எஸ்0 என்றால் பூஜ்யம் எண் செருகுமிடம். அட்டை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்ற முகவரிதான் அந்தப் பெயர். மற்றவர் கணினியில் வேறாக இருக்கும். ஆகவே அடுத்தவர் பதிவிலிருந்து கட்டளையை எடுக்கும்போது இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய_கெர்னல் | சனி, இரவு 8.15

அந்த அளவுரு வந்த கதையையும் இங்கே பதிந்து வைக்கலாம். ரியல்டெக் டிரைவர்களை லினக்ஸ் கெர்னலில் பல ஆண்டுகள் பேணி வந்தவர் லாரி ஃபிங்கர். இந்த ஒற்றைக் கம்பி மடிக்கணினிகள் பற்றி வந்த புகார்களுக்கு அலுக்காமல் பதில் எழுதி, தீர்வையும் டிரைவருக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். அதற்கு முன் பிராட்காம் சில்லுகளுக்கான பி43 டிரைவர் வேலையிலும் இருந்தார். அந்த டிரைவர் உருவான முறையே தனி. நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்தாய்ந்து அது செய்வதை ஆவணமாக எழுதியவர்கள் ஒரு குழு. அந்த ஆவணத்தை மட்டும் படித்துப் புதிதாக நிரல் எழுதியவர்கள் இன்னொரு குழு. பதிப்புரிமைச் சிக்கல் வராமல் இருக்க இப்படி ஒரு பிரிவினை.

ஃபிங்கர் 2024 ஜூனில் காலமானார். மன்றங்களில் ரியல்டெக் அட்டை பற்றிக் கேள்வி கேட்டவர்கள் பலர், தாங்கள் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாமலே அவரிடம் பதில் வாங்கியிருப்பார்கள்.

கடலூர்க்காற்று | ஞாயிறு, காலை 7.40

பிராட்காம் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன், மன்னிக்கவும். என் மடிக்கணினியில் பிசிஎம்43142. உபுண்டு. நேற்று இரவு புதுப்பித்தல் முடிந்து மறுபடி தொடங்கியதும் வைஃபை அடையாளமே மேல்பட்டையில் இல்லை. நேற்று வரை நன்றாக ஓடியது. இங்கே கேட்கலாமா, தனி இழை தொடங்க வேண்டுமா?

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 8.30

தனி இழைதான் முறை. ஆனால் இதே கேள்வி மாதந்தோறும் வருகிறது. தெரிந்தவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள், இனி வருபவர்களுக்கு இந்த இழையையே காட்டிவிடுகிறேன்.

முனையம் | ஞாயிறு, காலை 9.05

கடலூர்க்காற்று, உங்கள் சிக்கல் ஆசிரியருடையதற்கு நேர் எதிர். அவருக்கு டிரைவர் கெர்னலிலேயே இருந்தது. உங்களுக்கு இல்லை. 43142 சில்லைப் பி43 டிரைவர் ஆதரிப்பதில்லை. டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர்தான் கதி. அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. அதற்குப் பிறகு கெர்னல் மாறும்போதெல்லாம் டெபியன், உபுண்டு போன்றவற்றைப் பராமரிப்பவர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த டிரைவர் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகத் தொகுக்கப்பட வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிகேஎம்எஸ். கெர்னலின் தலைப்புக் கோப்புகள், அதாவது லினக்ஸ்-ஹெடர்ஸ் தொகுப்பு, புதிய கெர்னலுக்கு நிறுவப்படாமல் இருந்தால் அதனால் தொகுக்க முடியாது. நீங்கள் விழித்துப் பார்க்கும்போது வைஃபை இருக்காது.

இப்போதைக்கு இணையம் வேண்டுமே என்றால், கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். கைப்பேசி வைஃபையில் இருந்தாலும் அதையே மடிக்கணினிக்குக் கடத்தும், தரவுக் கட்டணம் ஏறாது. தனி டிரைவர் தேவையில்லை.

பிறகு டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் கட்டளை. இப்போது ஓடும் கெர்னல் எண்ணுக்கு நேராக இன்ஸ்டால்டு என்று இருக்கிறதா? இல்லையென்றால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் தொகுப்பை நிறுவி, பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ் தொகுப்பை மறுநிறுவல் செய்யுங்கள். அவசரத்துக்கு இன்னொரு வழி: கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை வந்துவிடும்.

கடலூர்க்காற்று | ஞாயிறு, காலை 11.20

டெதரிங் அருமையாக வேலை செய்தது. ஹெடர்ஸ் இல்லைதான், நிறுவினேன். இப்போது டிகேஎம்எஸ் இன்ஸ்டால்டு என்கிறது. ஆனால் மோட்ப்ரோப் டபிள்யூஎல் என்று கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டெட் பை சர்வீஸ்' என்று திட்டுகிறது. இடையில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னது, வைத்தேன். மறுபடி தொடங்கியபோது நீலத் திரையில் ஏதோ வந்து, நான் படிப்பதற்குள் போய்விட்டது.

செந்தூரம் | ஞாயிறு, காலை 11.45

அந்த நீலத் திரையில்தான் விஷயமே இருக்கிறது. உங்கள் கணினியில் செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பத்தக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) இயங்குகிறது. கையொப்பம் இல்லாத மாட்யூலை, அதாவது தனியாக ஏற்றப்படும் டிரைவர் துணுக்கை, கெர்னல் ஏற்றாது. டிகேஎம்எஸ் உங்கள் கணினியிலேயே ஒரு திறவுகோல் உருவாக்கிக் கையொப்பம் போடுகிறது. அந்தத் திறவுகோல் நம்பத்தக்கது என்று இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஆள், அதாவது நீங்கள், ஒரு முறை உறுதி சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாதபடிதான் அது தொடக்கத் திரையில் வருகிறது. பத்து விநாடிக்குள் விசை எதையும் தட்டாவிட்டால் கோரிக்கை கழிந்துவிடும்.

ஆகவே இந்தத் திறவுகோல்களைக் கையாளும் மோக்யூடில் கருவியில் இம்போர்ட் கொடுத்து மறுபடி கோரிக்கை வையுங்கள். திறவுகோல் கோப்பு வார் அடைவுக்குள் லிப், அதற்குள் ஷிம்-சைன்டு, அதற்குள் மோக் என்ற இடத்தில் இருக்கும், பெயர் மோக்.டெர். அதன் கடைசி அடைவு பெயர் சிற்றெழுத்து, கோப்பின் பெயரில் மோக் என்பது பேரெழுத்து. எளிய கடவுச்சொல் ஒன்று வையுங்கள். ஒரே ஒரு முறைதான் பயன்படும். மறுபடி தொடங்கி, நீலத் திரை வந்தவுடன் ஏதேனும் விசையைத் தட்டுங்கள். என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், கடவுச்சொல், ரீபூட்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் இரண்டு நிமிட வேலைக்காக ஒரு பூட்டையே கழற்றி எறிவது எனக்கு உடன்பாடில்லை.

கடலூர்க்காற்று | ஞாயிறு, மதியம் 12.15

வந்துவிட்டது! இருவருக்கும் நன்றி.

நேர்வழி | ஞாயிறு, மதியம் 12.40

இத்தனைக்கும் பதில் ஓர் அடாப்டர்தான் என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

முனையம் | ஞாயிறு, மதியம் 1.30

43142 வைத்திருப்பவருக்கு நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். 2015-இல் நின்றுபோன டிரைவரை இன்னும் எத்தனை கெர்னலுக்கு இழுக்க முடியும்? ஆனால் எந்த அடாப்டர் என்பதில்தான் வினை. கடையில் மலிவாகக் கிடைப்பவற்றில் சில, செருகியதும் தம்மைக் குறுவட்டு இயக்ககம் என்று காட்டிக்கொள்ளும். உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் வந்து தட்டிக் கொடுத்த பிறகுதான் வைஃபை அட்டையாக மாறும். அதற்குப் பிறகும் வெளியிலிருந்து டிரைவர் தொகுக்க வேண்டியிருந்தால், பழைய கதையே மறுபடி.

டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் சில்லாகப் பார்த்து வாங்குங்கள். மீடியாடெக் எம்டி7612யூ 4.19 கெர்னலிலிருந்து இருக்கிறது. எம்டி7921ஏயூ 5.18-இலிருந்து. பெட்டியின் மேல் சில்லின் பெயர் போடாத அடாப்டரை நான் தொடமாட்டேன். ஒரே மாதிரி எண்ணில் விற்கும் பொருளுக்குள் சத்தமில்லாமல் சில்லை மாற்றிவிடும் வழக்கமும் உண்டு.

பூட்டும்_சாவியும் | ஞாயிறு, மாலை 6.10

கோப்பில் எழுதிய பிறகு எத்தனை முறை தொடங்கினாலும் சிக்னல் நிலையாக இருக்கிறது. மகள் மாடியறையில் உட்கார்ந்து வகுப்புத் தளத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டாள்.

விசிறியில் தூசி தட்டுவதற்காகப் பின்மூடியைக் கழற்றினேன். சகோதரி செந்தூரம் சொன்னது அப்படியே கண்முன் இருந்தது. தபால்தலை அகலத்தில் ஒரு பச்சை அட்டை. அதன் விளிம்பில் மிளகளவுகூட இல்லாத இரண்டு பித்தளை வளையங்கள். 2 என்று எழுதிய வளையத்தில் ஒரு கறுப்புக் கம்பி அழுத்தி மாட்டியிருக்கிறது. 1 என்று எழுதியது வெறுமையாக மினுமினுக்கிறது. இன்னொரு கம்பிக்கான தடயம் எங்கும் இல்லை. கறுப்புக் கம்பியைக் கழற்றி 1-இல் மாட்டினால் அளவுருவே தேவைப்படாதோ?

செந்தூரம் | ஞாயிறு, மாலை 6.35

தேவைப்படாமல் போகலாம், ஐயா. ஆனால் கை வைக்காதீர்கள். அந்தக் கொக்கிகள் பலமுறை கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. நகத்தால் நெம்பும்போது வளையம் அட்டையோடு பெயர்ந்து வந்துவிட்டால் ஒட்டுவதற்கு ஆள் தேட வேண்டும். ஒரு வரிக் கோப்பில் முடிந்ததற்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு? மூடியைப் போட்டுவிடுங்கள்.

வைகை_வடகரை | செவ்வாய், இரவு 9.20

அச்சு அசலாக இதே நோய், ஆனால் என் சில்லு 8723டிஇ. கோப்பில் டிரைவர் பெயரை மட்டும் மாற்றி ஆன்ட்_செல்=2 என்று எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை, பிழையும் வரவில்லை. 1-உம் அப்படியே.

முனையம் | செவ்வாய், இரவு 9.55

பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபாடு, ஆனால் டிரைவர் முற்றிலும் வேறு. பிஇ-க்கு ஆர்டிஎல்வைஃபை குடும்பம், டிஇ-க்கு ஆர்டிடபிள்யூ88 குடும்பம். கோப்பில் எழுதிய பெயரில் மாட்யூலே ஏறவில்லை என்றால் அந்த வரியை யாரும் படிக்கப் போவதில்லை. சரியான பெயரை எழுதினாலும், அந்த டிரைவருக்குத் தெரியாத அளவுருவைக் கெர்னல் ஒதுக்கித் தள்ளிவிடும். டிமெசேஜ் வெளியீட்டில் மட்டும் 'அன்நோன் பராமீட்டர்' என்று ஒரு குறிப்பு விட்டுவைக்கும்.

எல்எஸ்பிசிஐ வெளியீட்டில் எந்த டிரைவர் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயரை மோட்இன்ஃபோ, கழித்தல் பி என்பதோடு கொடுத்தால் அது ஏற்கும் அளவுருக்கள் அனைத்தும் பட்டியலாக வரும். அதில் ஆன்ட்_செல் இருக்காது என்றே நினைக்கிறேன். பட்டியலையும், ஆசிரியர் அளந்ததைப் போல வாசலில் உங்கள் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்குமான எண்களையும் எழுதுங்கள். இடைவெளி 30 டெசிபலுக்கு மேல் இருந்தால்தான் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும். தனி இழையில் எழுதுங்கள், வருகிறேன்.